லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது? மைலேஜ் கணக்கின் கதை

நம் அடுக்ககத்து வாகன நிறுத்தத்தில் புது வண்டி ஒன்று வந்து நின்றால் முதலில் நிறத்தைப் பார்ப்போம், பிறகு விலையை விசாரிப்போம், கடைசியில் அந்தக் கேள்வி வரும்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" "சிட்டியில பதினாலு, ஹைவேல பதினெட்டு" என்று பதில் வரும். கேட்டவர் தலையாட்டிவிட்டு லிஃப்டுக்குப் போய்விடுவார். அந்தப் பதினாலை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்ற அடுத்த கேள்வி மட்டும் வருவதே இல்லை.

பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கிய பிறகு அந்த அடுத்த கேள்விக்கு அவசியம் வந்துவிட்டது. பழைய ஆம்னி, ஈக்கோ, எர்டிகா, பெட்ரோல் இன்னோவா வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் "மைலேஜ் விழுந்துவிட்டது, வண்டியைத் தள்ளிவிட வேண்டியதுதான்" என்கிறார்கள். இன்னொரு சாரார் "அதெல்லாம் மனப்பிரமை" என்கிறார்கள். தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை எல்லோரும் ஒன்றாக ஏறித் திருத்தணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்வரும் குடும்ப வேனை விற்பதா வைத்துக்கொள்வதா என்பது சில லட்ச ரூபாய் விவகாரம். இரு தரப்பிலும் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அபூர்வம். இந்த எண்ணை யார் யார் எதற்காக அளந்து வந்திருக்கிறார்கள் என்ற கதையைச் சொன்னால், உங்கள் வண்டிக்கு நீங்களே அளப்பது எப்படி என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மைலும் காலனும்

மைலேஜ் என்ற சொல்லிலேயே ஒரு மைல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் மைலை விட்டு அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மெட்ரிக் அளவை 1956 சட்டத்தின்படி படிப்படியாக வந்தது. 1960களின் தொடக்கத்துக்குள் படி, சேர், கஜம், காலன் எல்லாம் கடைத்தெருவிலிருந்து விடைபெற்றன. அதற்கு முன் கார் வைத்திருந்தவர்கள் "காலனுக்கு முப்பது மைல்" என்று பேசுவார்கள். ஒரு பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் காலனுக்கு முப்பது மைல் என்பது லிட்டருக்குச் சுமார் 10.6 கி.மீ. அளவை மாறியது, பேச்சு மாறவில்லை. இன்றும் "மைலேஜ் பதினாலு" என்கிறோமே தவிர, "கிலோமீட்டரேஜ்" என்று யாரும் சொல்வதில்லை.

ஓடிய தூரத்தை வண்டியே எண்ணுவது அதைவிடப் பழைய ஏற்பாடு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் தன் நூலில் ஒரு வண்டியை விவரிக்கிறார். நான்கு அடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அடி போகும். நானூறு சுற்று சுற்றினால் ஐயாயிரம் அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அந்த நானூறாவது சுற்றில் பல்சக்கரங்கள் திரும்பி ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் விழவைக்கும். பயணம் முடிந்ததும் கல்லை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் வேனின் ஓடோமீட்டரும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது: சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்குகிறது. டயர் தேய்ந்தால் சக்கரம் சிறியதாகிவிடும். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். புது டயரின் பட்டன் எட்டு மில்லிமீட்டர் இருந்து இரண்டாகத் தேய்ந்தால், ஓடோமீட்டர் உண்மையைவிடச் சுமார் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும். டயர் தேயத் தேய மைலேஜ் ஏறுவதுபோல் தெரியும். புது டயர் போட்ட மாதம் "குறைந்துவிட்டதே" என்று தோன்றும். பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது கிலோமீட்டர் கற்களை வைத்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை சரிபார்த்துவிட்டால், உங்கள் மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

பக்கத்து டிப்போவில் தினமும் நடக்கும் கணக்கு

எரிபொருள் கணக்கு நம் ஊரில் வீட்டுக்கு வருவதற்கு முன் பஸ்ஸுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு மரக்கரியை எரித்து அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்கள். கரி பஸ் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்க வேண்டியிருந்ததாகச் சொல்லும் கதைகளும் உண்டு. ஒரு காலன் பெட்ரோல் எவ்வளவு பெரிய பொருள் என்பது பஸ் முதலாளிகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

1972இல் சென்னையில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. இன்று அது மாநகரப் போக்குவரத்துக் கழகம். பல்லவனின் காலத்திலிருந்து இன்றுவரை டிப்போக்களில் புழங்கும் ஒரு சொல் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். நம் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ ஊழியர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மைலேஜ் என்று சொல்லமாட்டார், கே.எம்.பி.எல். என்றுதான் சொல்வார். ஓடிய தூரம் ட்ரிப் கணக்கில் இருக்கிறது. டீசல் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அந்த பஸ்ஸின் கணக்கு வந்துவிடும். எந்த வண்டி குடிக்கிறது, எந்த ஓட்டுநர் கையில் அது குறைகிறது என்பதெல்லாம் அதிலிருந்து தெரியும். 1976இல் தரமணியில் தொடங்கிய சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? நகரப் பேருந்து ஒன்று நாளைக்கு 200 கி.மீ. ஓடுகிறது, லிட்டருக்கு 4.5 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 4.6 ஆனால், ஒரு பஸ்ஸுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் மிச்சம். மூவாயிரம் பஸ் ஓடும் கழகத்தில் நாளைக்கு மூவாயிரம் லிட்டர். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு இலக்கத்தின் விலை அது. குடும்ப வேன் வைத்திருக்கும் நாம் "பதினாலு, பதினஞ்சு இருக்கும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். கண்டக்டரும் டிரைவரும் தசம புள்ளியில் பேசுகிறார்கள்.

விலை ஏறிய பிறகு வந்த கவலை

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதத்துக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை எகிறியது. அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தது இன்றும் படமாகச் சுற்றிவருகிறது. அன்று தெருவில் ஓடியது அம்பாசடர். 1489 சிசி எஞ்சின், கனமான உடம்பு, லிட்டருக்குப் பத்தைத் தொட்டால் மெக்கானிக்கைப் பாராட்டுவார்கள். கூட்டமாகப் போக வேண்டுமென்றால் மெட்டடார் வேன், அல்லது நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் 20 வேன்.

அந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கதை நம் ஊர்க் கதை, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961இல் ஹெரால்ட், 1972இல் கெஸல் என்று சின்னக் கார்களைக் கொடுத்தது. பிறகு 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய, அழகான காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்ட் வழிவந்த 1991 சிசி எஞ்சின். விலையும் அதிகம், குடியும் அதிகம். அதற்கு இரண்டு வருடம் முன், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டது. 796 சிசிதான், ஆனால் அம்பாசடர்க்காரர்கள் கேட்டு வாய்பிளக்கும் மைலேஜ். 1988இல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றுபோனது. அந்தப் பெரிய காரை வீழ்த்தியதில் பெட்ரோல் பங்க் பில்லுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அதே 796 சிசி எஞ்சினைப் போட்டு 1984இல் மாருதி வேன் வந்தது. 1988இல் அதற்கு ஆம்னி என்று பெயர் வைத்தார்கள். நடுத்தரக் குடும்பம் மொத்தமாக ஏறிக்கொள்ளக்கூடிய, மாதச் சம்பளத்தில் பெட்ரோல் போடக்கூடிய முதல் வண்டி இதுதான். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், கோயில் பயணம், தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவது என்று அது செய்யாத வேலையில்லை. 2019இல் உற்பத்தி நின்றது. 2010இல் வந்த ஈக்கோ இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

இந்த மைலேஜ் ஆசைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று வீட்டு கேஸ் சிலிண்டரை வேனுக்குள் வைத்து ஓட்டினார்கள். சில வண்டிகளில் அதன்மேல் பள்ளிக் குழந்தைகள் உட்கார்ந்து போனார்கள். 2000க்குப் பிறகு சட்டப்படியான ஆட்டோ எல்பிஜி வந்தது, ஆம்னியிலேயே கம்பெனி பொருத்திய எல்பிஜி வந்தது. மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லவே இதை இங்கே எழுதுகிறேன்.

இருசக்கர வண்டிகளும் இதே காலத்தில்தான் மைலேஜை வீட்டுப் பேச்சாக்கின. ஓசூரிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50, பிறகு 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100. பிறகு கார் விளம்பரமே "எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

விளம்பரத்தில் வரும் எண்

இப்போது வாங்கும் வண்டியின் விளம்பரத்தில் தசமத்தோடு ஓர் எண் இருக்கும். 2022இல் வந்த ஈக்கோவுக்கு லிட்டருக்கு 19.71 கி.மீ., அதே வருடத்து மேனுவல் கியர் எர்டிகாவுக்கு 20.51. இதை நம் மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் யாரும் ஓட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்திவிடுவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இத்தனை விநாடியில் இந்த வேகம், இத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று ஒரு பாட அட்டவணை உண்டு. புனேயில் 1966இல் தொடங்கிய ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் பெயரோடு இந்த எண் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் பக்கம் ஒரகடத்திலும் வாகனச் சோதனை மையம் ஒன்று இருக்கிறது.

பழைய இந்திய அட்டவணை 108 விநாடி ஓட்டம், ஆறு முறை. உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ., சராசரி 22க்குச் சற்றுக் குறைவு. சிரிக்காதீர்கள், காலை ஒன்பது மணிக்குப் போரூர் சந்திப்பைக் கடப்பவர்களுக்கு அது ஏறக்குறைய பொருத்தமான அட்டவணைதான். பிறகு ஐரோப்பிய முறையைத் தழுவி, 90 கி.மீ. வேகம் வரை போகும் சுமார் இருபது நிமிட ஓட்டம் வந்தது. ஏசி அணைத்திருக்கும். பின்சீட்டில் மாமியார் இல்லை, டிக்கியில் அரிசி மூட்டை இல்லை, மெட்ரோ தூண் வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைப் பாதியாக்கவில்லை. வண்டிக்கு வண்டி ஒப்பிட இந்த எண் உதவும், அதற்காகத்தான் அந்தச் சோதனையே. உங்கள் மாதச் செலவைச் சொல்ல அது பிறக்கவில்லை.

இந்த இடைவெளி நமக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். 1973 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசு புதுக் கார்களின் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்டவைத்தது. ஜனங்களுக்கு அந்த எண் கிடைக்கவில்லை. 1985 மாடல்களிலிருந்து சோதனைக்கூட எண்ணில் நகரத்துக்குப் பத்து சதவீதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவீதமும் கழித்துவிட்டுத்தான் அச்சிட்டார்கள். அதுவும் போதாமல் 2008 மாடல்களுக்கு ஏசி, குளிர், அதிவேகம் எல்லாம் சேர்த்து முறையையே மாற்றினார்கள். 2012இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற ஏறக்குறைய ஒன்பது லட்சம் வண்டிகளின் எண் கூட்டிச் சொல்லப்பட்டது என்று தெரியவந்தது. அரசு தோண்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம், "எங்களுக்கு இவ்வளவு கிடைக்கவில்லையே" என்று உரிமையாளர்கள் எழுதிய புகார்கள். பிறகு நிறுவனங்கள் ஓடோமீட்டரில் ஓடிய மைலைப் பார்த்து அதற்கேற்பப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன.

பக்கத்து மாநிலத்திலும் ஒரு வழக்கு உண்டு. லிட்டருக்கு 32 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி ஃபோர்டு டீசல் கார் வாங்கியவர் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். நிபுணர் ஒருவர் காரை ஓட்டி அளந்தபோது 19.6தான் வந்தது. 2022இல் சுமார் மூன்று லட்ச ரூபாய் இழப்பீடு தர உத்தரவானது. அந்த வழக்கில் எடுபட்டது ஆத்திரமோ அழுகையோ அல்ல, அளந்து எழுதிய ஓர் எண்.

உங்கள் வண்டியை அளப்பது

இதற்கு டிப்போ முறையே போதும். பெட்ரோல் துப்பாக்கி முதல் முறை "டக்" என்று தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். மேலே இன்னும் கொஞ்சம், ரவுண்டாக ஐம்பது ரூபாய்க்கு என்று பங்க் ஊழியர் ஊற்ற வந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஓடோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை டேங்க் நிறையும் வரை நடுவில் போட்ட லிட்டர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கி.மீ. வித்தியாசத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

"நான் ஆயிரம் ரூபாய்க்குத்தானே போடுவேன்" என்பவர்களுக்கும் இது நடக்கும். 42,310 கி.மீ.யில் டேங்க் நிறைத்தீர்கள். நடுவில் இரண்டு முறை ஆயிரம் ரூபாய்க்குப் போட்டீர்கள். லிட்டர் 100.80 ரூபாய் என்றால் தலா 9.92 லிட்டர். கடைசியில் 42,850இல் மீண்டும் நிறைத்தபோது 20.16 லிட்டர் பிடித்தது. மொத்தம் 40 லிட்டர், 540 கி.மீ. ஆக 13.5. ரூபாயை எழுதாமல் லிட்டரை எழுதுங்கள். 2017 ஜூனிலிருந்து விலை தினமும் மாறக்கூடியது, யுபிஐ வரலாற்றைப் பார்த்துப் பிறகு கணக்குப் போடலாம் என்பது சரிப்படாது. பங்க் ரசீதின் எழுத்தும் சில மாதத்தில் வெளுத்துப்போகும்.

ஒரு டேங்க்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வண்டி சாய்ந்து நின்றாலோ துப்பாக்கி சீக்கிரம் நின்றாலோ ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். முப்பது லிட்டரில் ஒரு லிட்டர் என்றால் மூன்று சதவீதப் பிழை. பத்து முறை நிரப்பினால்? நடுவில் நடந்த பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்: இந்த முறை குறைவாக நிரம்பியது அடுத்த முறை கூடுதலாகப் பிடிக்கும். மிஞ்சுவது முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும்தான். முந்நூறு லிட்டரில் ஒரு லிட்டர் பெரிய விஷயமில்லை. டாஷ்போர்டில் வரும் சராசரி எண்ணைப் பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகச் சொல்லும்.

சராசரி எடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஊருக்குள் 300 கி.மீ. லிட்டருக்குப் பத்து, வெளியூர் 300 கி.மீ. லிட்டருக்கு இருபது. சராசரி பதினைந்து என்று நம் வாய் சொல்லும். ஊருக்குள் எரிந்தது 30 லிட்டர், வெளியூரில் 15. மொத்தம் 45 லிட்டரில் 600 கி.மீ., அதாவது 13.3. எப்போதும் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஐரோப்பாவில் நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகச் சொல்கிறார்கள், அதில் இந்தக் குழப்பம் வராது. இதைப்பற்றி 2008இல் லாரிக், சால் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 20 கொடுக்கும் காரை 25 கொடுக்கும் காராக மாற்றினால் நூறு கி.மீ.க்கு மிச்சம் ஒரு லிட்டர். 8 கொடுக்கும் பெரிய வேனை 10 கொடுப்பதாக மாற்றினால் மிச்சம் இரண்டரை லிட்டர். ஐந்து ஏறுவதைவிட இரண்டு ஏறுவது பெரிது. வீட்டில் இரண்டு வண்டி இருந்து ஒன்றை மாற்ற நினைப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் "எனக்கு இருபத்தாறு" என்று சொன்னால் பொறாமைப்பட வேண்டாம். அது லிட்டருக்கு அல்ல, கிலோவுக்கு. ஈக்கோவின் கிலோவுக்கு 26.78 என்ற எண்ணும் லிட்டருக்கு 19.71 என்ற எண்ணும் ஒரே எஞ்சினுடையவை. ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. ஒப்பிடுவதென்றால் ஒரு கி.மீ.க்கு எத்தனை ரூபாய் என்று ஒப்பிடுங்கள்.

எத்தனால் கணக்கு

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் சுமார் 21. இருபது சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 29.8 வரும். சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஏழு சதவீதம் குறைவு. மைலேஜ் குறையும் என்பது பிரமை இல்லை. 2021 நிதி ஆயோக் அறிக்கையே பழைய வடிவமைப்பு கார்களுக்கு ஆறு முதல் ஏழு சதவீதம், இ20க்காகச் சரிசெய்த கார்களுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்று எழுதியிருக்கிறது.

ஆனால் நீங்கள் சுத்தப் பெட்ரோலிலிருந்து நேரே இருபதுக்கு வரவில்லை. 2022இலேயே நாடு முழுக்கப் பத்து சதவீதக் கலப்பு வந்துவிட்டது. பத்திலிருந்து இருபதுக்கு வந்ததில் ஆற்றல் கணக்கில் இறங்கியது சுமார் மூன்றரை சதவீதம். 13.5 கொடுத்த வேன் 13.0 ஆகும். "பதினஞ்சு கொடுத்தது, இப்ப பதினொண்ணுதான்" என்று யாராவது சொன்னால் அது எத்தனாலின் வேலை மட்டும் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். நம் சாலையே காரணமாக இருக்கலாம். ஏசியோடு எஞ்சினை ஓடவிட்டு நின்றால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் போய்விடும், ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. குமணன்சாவடியிலிருந்து போரூர் வரை மெட்ரோ வேலையில் ஊர்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள்.

வருடம் பத்தாயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு, 13.5 கொடுத்த வேனில், மூன்றரை சதவீத இறக்கம் என்றால் கூடுதல் செலவு சுமார் 2,700 ரூபாய். ஆறு சதவீதமே ஆனாலும் 4,800க்குள். விளம்பரத்து 19.71க்கும் உங்கள் 13.5க்கும் உள்ள வித்தியாசமோ அதே பத்தாயிரம் கி.மீ.க்கு 23,500 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் வேனை எத்தனாலுக்குப் பயந்து நட்டத்தில் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், கேஸ்கெட் பற்றிய கவலை வேறு. அதை மெக்கானிக்கிடம் காட்டித்தான் தீர்க்க வேண்டும், மைலேஜ் நோட்டு அதற்கு உதவாது.

பங்க்கில் அளவு சரியில்லை என்ற சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் எல்லா பங்க்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் முன் ஊற்றிக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

டேங்க் நிறைத்த தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ஏசி எவ்வளவு, வெளியூரா உள்ளூரா என்று ஐந்து கட்டம் போட்ட தாள்களைச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பேரும் பிளாட் எண்ணும் வேண்டாம், வண்டியின் மாடலும் வருடமும் போதும். பத்து முறை நிரப்பிய கணக்கு கைக்கு வந்தவர்கள் தாளை அலுவலகப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆம்னி, ஈக்கோ, எர்டிகா, இன்னோவா என்று பிரித்து நம் சாலையில் எது எவ்வளவு கொடுக்கிறது என்பதை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.